சுண்டைச் செடி தானாக வளரும் இடங்கள் எவை? ஏரிக்கரை நடவுப் பட்டியலை முன்வைத்து ஒரு விவாத இழை

தெற்குக்கரை:

அனைவருக்கும் வணக்கம். தென்சென்னையில் எங்கள் குடியிருப்பை ஒட்டிய ஏரிக்கரையில், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் புதர்ச்செடிகளை நடுவதற்காக ஒரு பட்டியல் தயாரித்து வருகிறோம். இந்த மண்ணுக்குரிய செடிகளை மட்டுமே நட வேண்டும் என்பது குழுவின் முடிவு. நொச்சி, பூலா, சங்கஞ்செடி, களா, காரை ஆகியவற்றில் எவருக்கும் மறுப்பில்லை. சுண்டையைச் சேர்த்தபோதுதான் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "நம் வீட்டுக் கொல்லையில் தலைமுறை தலைமுறையாக நிற்கும் செடியை விலக்குவதா?" என்று ஒரு தரப்பு கேட்டது, "அது அமெரிக்கச் செடி, பட்டியலில் இடமில்லை" என்று மறுதரப்பு சொன்னது. இரு தரப்பிலும் ஆதாரம் கேட்டபோது கூட்டம் அமைதியாகிவிட்டது.

எனக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. சுண்டையின் இயற்கையான பரவல் எல்லை எது? நட்டு நீர் ஊற்றாத நிலையிலும் அது தானாக வந்து நிலைக்கும் நிலம் எப்படிப்பட்டது? சென்னையில் நேரில் கண்டவற்றை எழுதினால் மிகவும் பயன்படும்.

மயிலை அம்மாள்:

தம்பி, சுண்டையை வெளிநாட்டுச் செடி என்று சொல்வதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. மயிலாப்பூரில் நாங்கள் வாழ்ந்த பழைய வீட்டின் கிணற்றடியில் யாரும் விதைக்காமல் முளைத்த சுண்டை, வெட்ட வெட்டத் தழைத்துக்கொண்டே இருந்தது. காயை இடித்து, மோரிலும் உப்பிலும் ஊறவைத்து, சித்திரை வெயிலில் காயவைத்த வற்றல் ஆண்டு முழுவதும் வரும். அங்காயப் பொடியும் வற்றக்குழம்பும் இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. நம் உணவிலும் வைத்தியத்திலும் இவ்வளவு ஆழமாக வேரூன்றிய செடி, தானாக முளைத்துத் தானாக வளரும் செடி, எப்படி அயலூர்ச் செடியாகும்? தானாக வளர்வதைவிட வேறு சான்று எதற்கு?

உலர்தாவரம்:

அம்மா, தங்கள் அனுபவத்தில் எனக்கு ஐயமில்லை; அதிலிருந்து பெறும் முடிவில்தான் வேறுபடுகிறேன். தானாக முளைப்பது ஒரு செடி இங்கே இயல்பாகிவிட்டது என்பதைக் காட்டும். அது இங்கே தோன்றியது என்பதைக் காட்டாது. சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் கூடத் தானாகத்தான் முளைக்கின்றன.

சுண்டைக்கு அறிவியலாளர் வைத்த பெயர் சொலானம் டார்வம். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் 1780-களில் மேற்கிந்தியத் தீவுகளில் சுற்றித் திரட்டிய செடிகளைக் கொண்டு எழுதிய நூலில், 1788-ஆம் ஆண்டு இப்பெயரை முறைப்படி வெளியிட்டார். ஆனால் ஒரு செடிக்கு முதன்முதலில் எந்த ஊர் மாதிரியை வைத்துப் பெயரிட்டார்கள் என்பதை மட்டும் வைத்து அதன் தாயகத்தை முடிவு செய்துவிடக் கூடாது. இதே பேரினத்தில் அதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. சொலானம் எரியாந்தம் என்னும் முள்ளில்லாச் சுண்டையை, நேபாளத்திலிருந்து வந்த மாதிரியை வைத்து டேவிட் டான் 1825-இல் பெயரிட்டார். அதன் தாயகமோ வெப்பமண்டல அமெரிக்கா. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சாலையோரங்களை நிரப்பி நிற்கும் சொலானம் மொரீஷியானம், பெயரில் மொரீஷியஸைத் தாங்கியிருந்தாலும், தென் பிரேசில், உருகுவே, பராகுவே, வட அர்ஜென்டினா ஆகிய பகுதிகளுக்கு உரியது.

ஆகவே நாம் நம்ப வேண்டிய சான்று, செடியின் சுற்றத்தார் எங்கே வாழ்கிறார்கள் என்பதுதான். கத்தரிக் குடும்பத்தில் சொலானம் மிகப் பெரிய பேரினம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அதில் உள்ளன. மரபணு அடிப்படையில் அவற்றை வகைப்படுத்தியபோது, சுண்டை தன் பெயராலேயே வழங்கும் முட்சொலானக் கிளையில் அமைகிறது. அக்கிளையின் பெரும்பாலான உறுப்பினர்கள் நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா, கரீபியத் தீவுகள் ஆகியவற்றில் மட்டுமே காணப்படுகின்றனர். ஒப்பிட்டுப் பாருங்கள்: கத்தரிக்காய்க்கு நெருங்கிய காட்டு உறவான சொலானம் இன்சானம் இந்தியா தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை தரிசு நிலங்களில் முள்ளோடு நிற்கிறது. கத்தரி நம் பக்கத்துச் செடி என்பதற்கு அந்தச் சுற்றமே சாட்சி. சுண்டைக்கு இங்கே அப்படிப்பட்ட சுற்றம் இல்லை.

எனவே அதன் இயற்கைப் பரவல் மெக்சிகோவிலிருந்து நடு அமெரிக்கா, கரீபியத் தீவுகள் வழியாகத் தென் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகள் வரை என்று கொள்வதே இன்றைய பொதுக் கருத்து. ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் ஆகியவற்றில் அது மனிதரால் கொண்டுவரப்பட்டுப் பின்னர் இயல்பாகிவிட்ட செடி.

மயிலை அம்மாள்:

சுற்றத்தை வைத்துப் பார்க்கும் முறை எனக்குப் புரிகிறது. அப்படியானால், வந்து எவ்வளவு காலமானால் ஒரு செடியை நம்முடையது என்று ஒப்புக்கொள்வீர்கள்? மிளகாயும் தக்காளியும் கூடக் கடல் கடந்து வந்தவைதாமே? அவை இல்லாமல் சென்னையில் ஒரு வேளை சமையல் நடக்குமா?

உலர்தாவரம்:

நடக்காது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் இதே கத்தரிக் குடும்பத்தவை. மூன்றும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. 1880-களில் வெளியான ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்தியத் தாவரத் தொகுப்பின் நான்காம் தொகுதியிலேயே சுண்டை இடம்பெற்றுவிட்டது. அதாவது, சுமார் 140 ஆண்டுகளுக்கு முன்பே அது இந்நாட்டில் காட்டுச்செடியாகக் கருதப்படும் அளவுக்குப் பரவியிருந்தது. சமையலறையில் அதற்குள்ள உரிமையை யாரும் கேள்வி கேட்கவில்லை. ஏரிக்கரையில் எதை நடுவது என்பது வேறு கேள்வி. அங்கே காலக்கணக்கு உதவாது. அந்த நிலத்தில் செடி என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கால்வாயோரம்:

தெற்குக்கரை கேட்ட இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். பக்கிங்காம் கால்வாய், அடையாறு, கூவம் ஆகியவற்றின் ஓரங்களிலும் புறநகர் மனைப்பிரிவுகளிலும் நடந்து செடிகளைக் குறித்துவைப்பது என் வழக்கம். சுண்டையை நான் கண்ட இடங்களை வைத்துச் சொல்வதென்றால், அதற்குக் கிளறிய மண், திறந்த வெளிச்சம், கோடையிலும் வற்றாத கொஞ்சம் ஈரம், தலைக்கு மேல் பறவை உட்காரும் ஏதோ ஒரு கொம்பு அல்லது கம்பி ஆகிய நான்கும் ஒன்றுகூட வேண்டும். இவற்றுள் ஒன்று இல்லாவிட்டாலும் செடி அரிதாகிவிடுகிறது.

சென்னைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழை கிடைக்கிறது. அளவு குறைவில்லை; ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஜனவரி முதல் மே வரை நிலம் வறண்டு கிடக்கிறது. தன் தாயகத்தில் ஆண்டுக்கு 1000 முதல் 4000 மில்லிமீட்டர் வரை மழை பெறும் ஈர நிலங்களில் வளரும் சுண்டை, இந்த ஐந்து மாதங்களைக் கழிவுநீரின் துணையால் கடக்கிறது என்பதே என் எண்ணம். துணி துவைக்கும் கல்லிலிருந்து நீர் வழியும் மூலை, குளியலறைக் குழாய் திறந்து விடப்பட்ட சந்து, மழைநீர் வடிகாலின் உடைந்த ஓரம், பாதி கட்டி நிறுத்திய வீட்டின் அடித்தளக் குழி, மாட்டுத் தொழுவத்தின் பின்புறம் ஆகியவையே அது செழிக்கும் இடங்கள். மயிலை அம்மாள் சொன்ன கிணற்றடியும் இதே வகைதான்.

அது இல்லாத இடங்களையும் சொல்ல வேண்டும். திருவான்மியூருக்குத் தெற்கே இன்னும் எஞ்சியிருக்கும் மணல்மேடுகளில் அடும்பும் இராவணன் மீசையும் படர்ந்திருக்கும் பகுதியில் ஒரு சுண்டையையும் நான் கண்டதில்லை. அதே கடற்கரையில் ஒரு பங்களாவின் சுற்றுச்சுவரைத் தாண்டினால், செம்மண் கொட்டி நீர் பாய்ச்சிய தோட்டத்தின் ஓரத்தில் அது ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அடர்ந்த புதர்க்காட்டின் உட்பகுதியிலும் காண்பதில்லை. காட்டைப் பிளந்து போட்ட பாதையின் ஓரம் வரை வந்து நின்றுவிடுகிறது. அரை நிழலைத் தாங்கும், முழு நிழலில் பிழைக்காது. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நீர் தேங்கும் ஏரித்தாழ்விலும் நான் பார்த்ததில்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த நம் ஊர்ச் செடிகள் வேறு நிலங்களைத் தேர்ந்துகொள்கின்றன. கண்டங்கத்திரி, நீரே எட்டாத வெட்டவெளி மனைகளில் தரையோடு தரையாகப் படர்ந்து, கோடையில்தான் ஊதாப் பூவும் மஞ்சள் காயுமாகப் பொலிகிறது. தூதுவளை கடலோர முட்புதர்களிலும் பழைய வேலிகளிலும் ஏறிக்கொள்கிறது. மூன்றையும் ஒரே இடத்தில் பார்ப்பது அரிது. பார்த்தால் அந்த இடத்தில் மண் அண்மையில் புரட்டப்பட்டிருக்கும்.

வரைபடக்காரர்:

> அது இல்லாத இடங்களையும் சொல்ல வேண்டும்

இந்த வரிக்காகவே கால்வாயோரத்துக்கு நன்றி. இணையத்தில் மக்கள் பதிவேற்றும் தாவரப் படங்களைக் கொண்டு பரவல் வரைபடம் வரைபவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் சென்னைக்குரிய புள்ளிகளைப் பார்த்தால் பூங்காக்கள், கல்வி வளாகங்கள், ஆற்றோர நடைபாதைகள் ஆகியவற்றைச் சுற்றியே அவை குவியும். இயற்கை ஆர்வலர்கள் நடக்கும் இடங்களே அங்கே பதிவாகின்றன. ஒரு வீட்டின் பின்சந்தில் நிற்கும் சுண்டையை எவரும் படமெடுத்து ஏற்றுவதில்லை. எனவே வரைபடத்தில் வெற்றிடமாக இருப்பதைச் செடி இல்லாத இடம் என்று படித்துவிடக் கூடாது.

உலர்தாவரக் கூடங்களில் பாதுகாக்கப்படும் மாதிரிகளுக்கும் இதே குறை வேறு வடிவில் உண்டு. மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற பெயரைத் தாங்கிய புகழ்பெற்ற தொகுப்பு சென்னையில் இல்லை, கோயம்புத்தூரில், இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல அலுவலகத்தில் இருக்கிறது என்பதை இங்குள்ள பலர் அறிந்திருக்கலாம். அத்தகைய தொகுப்புகளுக்காகச் செடி திரட்டியவர்கள் மலைகளையும் காடுகளையும் நாடிச் சென்றார்கள். குப்பைமேட்டில் நிற்கும் செடிக்காக யார் தாள் விரிப்பார்கள்? மனிதரை ஒட்டி வாழும் செடிகளின் பரவலை அறிய, கால்வாயோரம் செய்வதைப் போல இல்லாத இடங்களையும் குறித்துவைக்கும் கணக்கெடுப்பே நம்பத்தக்கது.

தெற்குக்கரை:

மிக்க நன்றி. அயல்செடி என்பதை ஏற்றுக்கொண்டேன். அயல்செடிகள் எல்லாமே தீங்கு செய்வதில்லை என்று குழுவில் ஒருவர் வாதிடுகிறார். மற்ற நாடுகளில் சுண்டை எப்படி நடந்துகொண்டது?

உலர்தாவரம்:

இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் கூட்டரசு, தீங்குக்களைகளின் பட்டியலில் சுண்டையைச் சேர்த்திருக்கிறது. புளோரிடாவில் அது பரவியுள்ளது. ஹவாய் மாநிலமும் தனியாக அதைத் தீங்குக்களையாக அறிவித்துள்ளது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையோரத்தில் மேய்ச்சல் நிலங்களிலும் காட்டோரங்களிலும் ஆற்றங்கரைகளிலும் முட்புதராக அடைத்துக்கொள்கிறது. மாடு மற்ற புல்லையெல்லாம் மேய்ந்துவிட்டு முள்ளுள்ள இதை விட்டுவிடுவதால், மேய்ச்சல் மிகுந்த நிலத்தில் இதற்கே வெற்றி. கடல்மட்டத்திலிருந்து மலைச்சரிவு வரை ஏறக்கூடிய செடி இது. போர்ட்டோ ரிக்கோவில் 1000 மீட்டரை நெருங்கும் உயரத்திலும், பப்புவா நியூகினியில் 2000 மீட்டர் வரையிலும் காணப்படுகிறது. உறைபனியைத் தாங்காததால் வெப்பமண்டலத்துக்கு வெளியே அதிகம் போவதில்லை.

மறுபக்கம், தாய்லாந்தில் பச்சைக் குழம்பில் இக்காய் தவறாமல் மிதக்கிறது. கானாவில் அன்றாடக் காய். ஜமைக்காவில் உப்பிட்ட மீனோடு சமைக்கிறார்கள். பறித்து உண்ணும் மக்கள் இருக்கும் ஊரில் விதை முற்றுமுன் காய் கூடைக்குப் போய்விடுகிறது. தமிழ்நாட்டில் சுண்டை உண்ணிச்செடி அளவுக்குப் பெருகாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். நீண்ட கோடை இன்னொன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சரிவுகளிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் அந்தமானிலும் இந்த இரண்டாம் தடை கிடையாது. சென்னையில் அடங்கி நிற்கும் செடி அங்கேயும் அடங்கி நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இனி ஏரிக்கரையைப் பாருங்கள். மண் புரட்டப்பட்ட நிலம், முழு வெயில், கோடையிலும் அடிமண்ணில் ஈரம், மேலே மின்கம்பி. கால்வாயோரம் சொன்ன நான்கும் அங்கே ஆண்டு முழுவதும் இருக்கின்றன. நீங்கள் நடாவிட்டாலும் அது வரும். நட்டால் நொச்சியும் பூலாவும் வளர்ந்து நிழல் கட்டுவதற்குள் இடத்தைப் பிடித்துவிடும்.

போரூர் மாடித்தோட்டம்:

விதை பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது. மாடியில் கத்தரி வளர்க்கும் பலரும் இப்போது சுண்டையை வேர்ச்செடியாகக் கொண்டு அதன்மேல் கத்தரியை ஒட்டுக்கட்டுகிறோம். பாக்டீரியா வாடல் நோயையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் சுண்டையின் வேர் நன்றாகத் தாங்குகிறது. ஜப்பான் முதலிய நாடுகளில் இது பெரிய அளவில் நடக்கும் முறை. ஒட்டுக்கத்தரி சாதாரணக் கத்தரியைவிட நீண்ட காலம் காய்க்கிறது.

இதில் தொல்லை தருவது முளைப்பு. கடையில் வாங்கிய பழத்திலிருந்து விதையெடுத்து உடனே விதைத்தால், கத்தரி விதையைப் போல ஒரே சீராக முளைக்காது. விதைக்கு உறக்கநிலை உண்டு. நாற்றங்கால் நடத்துபவர்கள் ஜிப்ரெலிக் அமிலக் கரைசலில் ஊறவைக்கிறார்கள். பகலில் சூடும் இரவில் தணிவுமாக வெப்பம் மாறுவதும், விதைமேல் வெளிச்சம் படுவதும் முளைப்பைத் தூண்டுகின்றன. ஆழப் புதைத்தால் பயனில்லை. கால்வாயோரம் எழுதிய வாழிடத்துக்கு இது பொருந்திவருகிறது: இலைச்சருகு மூடிய நிழல் மண்ணில் அந்த வெப்ப மாற்றமும் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. மண்ணைப் புரட்டிப் போட்டவுடன் இரண்டும் கிடைத்துவிடுகின்றன. ஒரே மழையில் எல்லாம் முளைத்துவிடாமல் தவணை தவணையாக முளைப்பதால், ஒருமுறை களை எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது.

என் மாடித் தொட்டிகளில் நான் விதைக்காத சுண்டைக் கன்றுகள் வருவது, துணி காயப்போடும் கொடிக்கு நேர் கீழே உள்ள தொட்டிகளில் மட்டும்தான். கொண்டைக்குருவிகள் அங்கேதான் உட்காருகின்றன. கன்று சில நேரம் மிக நெருக்கமாக, ஒரே கொத்தாக முளைக்கிறது. அதைப் பழந்தின்னி வௌவாலின் கைங்கரியம் என்று நினைக்கிறேன். பழுத்த சுண்டை சிவக்காமல் மங்கிய மஞ்சளாகவே நிற்பதும் இரவில் வருவோருக்கு ஏற்றதுதானே.

கடைவீதி:

ஒரு குழப்பத்தைத் தீர்த்து வைக்க வேண்டுகிறேன். நான் வற்றல் வணிகம் செய்பவன். எங்களிடம் மலைச்சுண்டை, பால்சுண்டை என இரண்டு உண்டு. மலைச்சுண்டை சிறியது, கசப்பு மிகுந்தது, வற்றலுக்கு ஏற்றது. காட்டிலிருந்து பறித்து வருவதாகச் சொல்லி விற்கிறார்கள். பால்சுண்டை பருத்தது, கசப்புக் குறைந்தது, பச்சையாகச் சாம்பாரில் போடலாம். நீங்கள் அமெரிக்கச் செடி என்று சொல்வது இவற்றுள் எது? மலைச்சுண்டை நம் மலைச் செடியாக இருக்கலாம் அல்லவா?

உலர்தாவரம்:

நல்ல கேள்வி, இந்த இழையில் இது முன்பே எழுந்திருக்க வேண்டும். காய்ந்த வற்றலை மட்டும் பார்த்து எவராலும் சிற்றினத்தைச் சொல்ல முடியாது. சந்தையில் ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளின் காய்கள் வருகின்றன. ஒரே செடியும் தண்ணீர் கிடைக்கும் கொல்லையில் பருத்த காயையும் வறண்ட சரிவில் சிறுத்த காயையும் தருகிறது. பூவும் இலையும் உள்ள கிளையைப் பார்த்தால் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

சொலானம் டார்வம் ஆள் உயரத்துக்கு மேல் வளரும் புதர். தண்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சற்றே வளைந்த முட்கள். இலையின் ஓரம் மடல் மடலாக வெட்டுண்டிருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் விண்மீன் வடிவ மயிர்கள் தெரியும். பூங்கொத்து இலைக்கணுவிலிருந்து புறப்படாமல் இரு கணுக்களுக்கு நடுவே தண்டிலிருந்து எழும். பூ வெள்ளை, நடுவே மஞ்சள் மகரந்தப்பைகள். காயின் தோல் வழவழப்பானது. நான் முன்பு சொன்ன எரியாந்தத்துக்கு முள்ளே இராது. இலை ஓரம் வெட்டுப்படாமல் வெல்வெட்டுப் போல இருக்கும். பூ இதற்கும் வெள்ளைதான், ஆனால் கொத்து நீண்ட காம்பின் நுனியில் குடை விரித்தாற்போல நிற்கும். இளங்காயின்மேல் பொடிமயிர் படிந்திருக்கும். இதுவும் அமெரிக்கச் செடி; ஸ்பானியக் கப்பல்கள் வழியாகப் பிலிப்பைன்ஸை அடைந்து ஆசியாவில் பரவியதாகக் கருதப்படுகிறது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, சொலானம் பியூபெசென்ஸ். ஆந்திரத்தின் வறண்ட குன்றுகளிலும் தமிழகத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளிலும் பாறைச் சரிவுகளில் நிற்கும் செடி இது. பூ ஊதா நிறம். இதுவே தீபகற்ப இந்தியாவுக்கு உரிய உண்மையான நாட்டுச்சுண்டை என்று சொல்லத்தக்கது. இதன் காயையும் பறித்து உண்கிறார்கள், வற்றலாகவும் இடுகிறார்கள். உங்களிடம் மலைச்சுண்டை கொண்டுவருபவரிடம், அடுத்த முறை பூத்த கிளை ஒன்றை ஒடித்துவரச் சொல்லுங்கள். பூ ஊதாவாக இருந்தால் உங்கள் ஊகம் சரி. வெள்ளையாக இருந்தால் இலையையும் முள்ளையும் பார்த்து மற்ற இரண்டில் எது என்று பிரிக்கலாம்.

தெற்குக்கரைக்கு ஒரு முன்னெச்சரிக்கை: இதைப் படித்ததும் டார்வத்துக்குப் பதில் பியூபெசென்ஸை ஏரிக்கரையில் நடலாம் என்று தோன்றும். வேண்டாம். அது நீர் நில்லாத பாறை மண்ணின் செடி. தென்னிந்தியாவுக்கு உரியது என்பதால் சென்னையின் களிமண் ஏரிக்கரைக்கும் உரியது என்றாகிவிடாது.

வண்டு நோக்கர்:

பூவைப் பற்றி ஒருவரும் எழுதாததால் சிறு குறிப்பு. சொலானப் பூக்களில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. அந்த மகரந்தமும் பையின் நுனியிலுள்ள இரண்டு நுண்துளைகள் வழியாகத்தான் வெளிவரும். பூவைக் கவ்விப் பிடித்துத் தன் பறக்கும் தசைகளை அதிரவைக்கும் தேனீக்களால் மட்டுமே அதை உதிர்க்க முடியும். கொம்புத்தேனீ, மலைத்தேனீ, அடுக்குத்தேனீ ஆகியவற்றுக்கு இந்த வித்தை தெரியாது. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் கருவண்டுகளும் வயிற்றில் நீலவரி கொண்ட தனித்தேனீக்களும் இதில் தேர்ந்தவை. காலையில் சுண்டைக்கு அருகே நின்றால் அந்த உறுமலைக் கேட்கலாம். ஒரே கொத்தில் காய்க்கும் பூவோடு, சூல்தண்டு குறுகி ஆண்பூவாக மட்டும் பயன்படும் பூக்களும் இருப்பதால், எல்லாப் பூவும் காயாவதில்லை; வீட்டில் வளர்ப்போர் அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

இந்த வண்டுகள் சென்னையில் முன்பிருந்தே கத்தரி, தூதுவளை, கண்டங்கத்திரி ஆகியவற்றுக்கு வந்து பழகியவை. வந்த ஊரில் சுண்டை தன் வண்டைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அது இங்கே எளிதாக வேர்கொண்டதற்கு இதுவும் காரணம் என்பேன்.

மயிலை அம்மாள்:

எல்லாவற்றையும் படித்தேன். நடவுப் பட்டியலிலிருந்து எடுப்பதை எதிர்க்க மாட்டேன். ஆனால் "அயல்செடி ஒழிப்பு" என்று கிளம்பி, கரையோரக் குடிசைகளின் பின்னால் நிற்கும் சுண்டையை வெட்டி எறிந்துவிடாதீர்கள். அது அந்த வீடுகளின் காய்கறிச் செலவைக் குறைக்கும் செடி. குருவிக்கும் உணவு.

தெற்குக்கரை:

அம்மா, தங்கள் கவலை நியாயமானது. நேற்று குழுவில் எடுத்த முடிவுகளை எழுதுகிறேன். ஏரிக்கரையில் சுண்டையை நடப்போவதில்லை. வீடுகளை ஒட்டி ஏற்கெனவே நிற்கும் செடிகளைத் தொடமாட்டோம். அவற்றிலிருந்து பறிப்பவர்கள் இருக்கும் வரை அவற்றால் கரைக்கு வரும் விதை குறைவாகவே இருக்கும் என்று கொள்கிறோம். கொண்டைக்குருவிக்குப் பூலாப் பழமும் சங்கம்பழமும் களாப்பழமும் கிடைக்கும்படி அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறோம். காரையைக் கரையின் மேல் விளிம்பில், நீர் நிற்காத பகுதிக்கு மாற்றினோம்.

மழை தொடங்கிய பிறகு மின்கம்பிக்கும் கம்பங்களுக்கும் கீழுள்ள பகுதியை மட்டும் சுற்றிவந்து, தானாக முளைக்கும் சுண்டைக் கன்றுகளை இளமையிலேயே வேரோடு பிடுங்க ஆள் அமர்த்தியிருக்கிறோம். தண்டு முற்றிய பின் அரிவாளால் வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் தழைக்கும் என்று இங்கே அம்மாளே முதலில் எழுதியிருந்தார். கன்றுகளைக் கண்டதும் அடையாளம் தெரியாமல் வேறு செடியைப் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காக, உலர்தாவரம் கூறிய அடையாளங்களைப் படத்தோடு அச்சிட்டுக் கொடுக்கிறோம். இளங்கன்றில் பூ இராது என்பதால், இலை மடலும் முள்ளும் விண்மீன் மயிரும் போதுமா?

உலர்தாவரம்:

முள்ளும் மடலும் பெரும்பாலும் போதும். தூதுவளைக் கன்றோடுதான் குழம்பக்கூடும். தூதுவளையின் இலை சிறியது, மடல்கள் குறைவு, தண்டு மெலிந்து சாயும், கொக்கி முட்கள் நெருக்கமாக இருக்கும். சுண்டைக் கன்று நிமிர்ந்தே நிற்கும், இலை அகலமாக இருக்கும். ஐயமிருந்தால் ஒரு வாரம் விட்டுவைத்துப் பாருங்கள். தூதுவளை அருகிலுள்ள எதையாவது பற்றி ஏறத் தொடங்கிவிடும்.

போரூர் மாடித்தோட்டம்:

பிடுங்கிய கன்றுகளை எறிந்துவிடாதீர்கள். நாலைந்து இலை விட்ட கன்றாக, வேர் அறாமல் ஈரச்சாக்கில் சுற்றி வைத்தால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். ஒட்டுக்கட்ட எங்கள் மாடித்தோட்டக் குழுவுக்கு ஆண்டுதோறும் வேர்ச்செடி போதாமல்தான் இருக்கிறது. கத்தரி நாற்றைச் சில வாரங்கள் பிந்தி விதைத்தால், உங்கள் கன்றுகள் வந்து சேரும்போது இரண்டின் தண்டும் ஒரே பருமனில் இருக்கும். முதல் மழைக்குப் பின் எப்போது பிடுங்கத் தொடங்குவீர்கள் என்பதை மட்டும் இங்கே எழுதிவிடுங்கள்.